போஸ்டரைக் கூட்டுவதா, டிக்கெட்டைக் குறைப்பதா?

கூட்டம் குறைந்துபோன படக் கம்பெனியில் விளம்பரப் பிரிவுத் தலைவர் வைக்கும் வாதம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “விமர்சகர்கள் முன்பைவிட அதிகம் பாராட்டுகிறார்கள், ஆனால் தியேட்டருக்கு வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆகவே படத்தில் குறையில்லை. படம் வந்திருப்பதே மக்களுக்குத் தெரியவில்லை. விளம்பரத்துக்கு இன்னும் பணம் ஒதுக்குங்கள்.” தன் துறைக்கு நிதி கேட்பது யாருக்கும் இயல்புதான். கேள்வி, அந்தப் பணத்தை வேறு எதில் போட்டால் கூட்டம் வரும் என்பது.

முதலில் ‘தெரியவில்லை’ என்பதைப் பார்ப்போம். திருவொற்றியூர் நெடுஞ்சாலைச் சுவர்களில் மைதாப் பசை வாளியோடு நள்ளிரவில் வருபவர் ஒட்டிப்போகும் போஸ்டர், விடிவதற்குள் இன்னொரு படத்தின் போஸ்டருக்கு அடியில் போய்விடுகிறது. ‘வெற்றிகரமான 2வது வாரம்’ என்ற சீட்டில் பசை காய்வதற்குள் தியேட்டரில் படம் மாறிவிடும் வேடிக்கையும் உண்டு. மின்ட் பஸ் நிலையத்தில் நிற்பவரைக் கேட்டால் இந்த வாரம் என்ன படம் என்று சரியாகச் சொல்வார். ட்ரெய்லரையும் கைப்பேசியில் பார்த்திருப்பார். பெரிய நடிகர் படத்துக்கு இன்னொரு போஸ்டர் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. புதுமுகங்கள் நடித்து, பகல் காட்சி ஒன்றோ இரண்டோ மட்டும் கிடைத்த சின்னப் படத்துக்குத்தான் அந்த வாதம் பொருந்தும்.

விமர்சகர்கள் பாராட்டிய படங்களின் சதவீதமும் ஏமாற்றும். போன ஆண்டு பத்துப் படம் எடுத்து நான்குக்கு நல்ல பெயர் என்று வைத்துக்கொள்வோம், 40 சதவீதம். இந்த ஆண்டு ஐந்தே படம், மூன்றுக்கு நல்ல பெயர், 60 சதவீதம். சதவீதம் ஏறியிருக்கிறது, நல்ல படங்களின் எண்ணிக்கையோ இறங்கியிருக்கிறது. பாதிப் படங்களே வந்தால் மொத்தக் கூட்டமும் குறையத்தானே செய்யும்? ஒரு படத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கில்லாமல் இந்த வாதத்தை எடுத்துக்கொள்ளவே கூடாது.

விலைக்கு வருவோம். 2017இல் தமிழக அரசு மல்டிபிளெக்ஸுக்கு வகுத்த அடிப்படைக் கட்டண உச்சவரம்பு 150 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 177. நான்கு பேர் குடும்பத்துக்கு 708 ரூபாய். உள்ளாட்சி வரி, இணைய முன்பதிவுக் கட்டணம், இடைவேளைப் பாப்கார்ன் எல்லாம் தனி. 100 ரூபாயோ அதற்குக் குறைவாகவோ உள்ள டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதே குடும்பம் 420 ரூபாயில் பார்த்துவிடலாம். மிச்சமாகும் 288 ரூபாய், தண்டையார்பேட்டையில் மாதக் கடைசியில் படத்துக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற தொகை. போஸ்டரால் அது முடியாது.

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. விளம்பரம் கம்பெனியின் கையில் இருக்கிறது, டிக்கெட் விலை தியேட்டர்காரர் கையில் இருக்கிறது. விலையைக் குறைக்கச் சொன்னால், வசூலில் உங்கள் ஷேரையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்பார். அந்தப் பேரத்தில் உட்கார்வதைவிட விளம்பரத்துக்குக் காசோலை எழுதுவது எளிது. அதனால்தான் எல்லோரும் அதையே செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

வடசென்னைக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020இல் மூடப்பட்டது. பெரம்பூர் பிருந்தாவும் 2025இல் மூடப்பட்டது. நடந்தே போய்ப் பார்த்தவர்கள் இப்போது வண்டி எடுக்க வேண்டும். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதால் அண்ணா சாலைத் தியேட்டர்களுக்குப் போவது எளிதாகிவிட்டது, உண்மைதான். இரவுக் காட்சி முடிந்து வெளியே வரும்போது ரயில் இருக்காதே. இந்த இழப்பை எந்த விளம்பரமும் ஈடுகட்டாது. மிச்சமிருக்கும் அரங்குகளில் மாலைக் காட்சி கேட்டு வாங்குவதுதான் வழி.

ஓடிடி பற்றி நீட்ட வேண்டியதில்லை. தமிழ்ப் படங்கள் பல நான்கு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. இந்திப் படங்களுக்குப் பெரிய மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வார இடைவெளி கேட்கின்றன. இடைவெளியை நீட்டினால் ஓடிடிக்காரர் தரும் விலை இறங்கும். பெரிய படத்துக்கு அந்த நஷ்டம் தாங்கும், சின்னப் படத்துக்குத் தாங்காது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அரங்குவாரியான தினசரி வசூல் கணக்கே சொல்லிவிடும். வெள்ளிக்கிழமை நிரம்பி, திங்கட்கிழமை காலியானால் விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது, படம் செய்யவில்லை. அந்த இடத்தில் மேலும் விளம்பரம் செய்வது விழலுக்கு இறைத்த நீர். அடுத்த படத்தின் கதை விவாதத்துக்கும் எடிட்டிங்குக்கும் கூடுதல் மாதம் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை மந்தமாகத் தொடங்கி ஞாயிறு ஏறி, திங்களிலும் விழாமல் நின்றால் கதை வேறு. பார்த்தவர்களுக்குப் பிடித்திருக்கிறது, பார்க்காதவர்களுக்குச் சேதி போகவில்லை. விளம்பரப் பிரிவுத் தலைவர் சொன்னது அங்கே நூற்றுக்கு நூறு சரி.

அப்படியானாலும் மொத்தப் பணத்தையும் ரிலீசுக்கு முன் கொட்டாமல் பாதியைத் திங்கட்கிழமைக்கு வைத்திருக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால், ஒரே படத்துக்கு ராயபுரம் பக்கம் விளம்பரத்தை இரட்டிப்பாக்கி, அம்பத்தூர் பக்கம் பழைய அளவிலேயே விட்டு, இரண்டு பகுதிகளின் வசூலையும் முந்தைய படங்களின் வசூலோடு ஒப்பிடலாம். ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், செலவும் பெரிதாகாது. அந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத விளம்பரப் பிரிவுக்கு நானாக இருந்தால் கூடுதலாக ஒரு ரூபாயும் ஒதுக்க மாட்டேன்.