சந்தன நிற இருக்கையோடு எட்டு ஆண்டுகள்

2017-இல் கார் எடுத்தபோது, கருப்பு இருக்கையே போதும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். சந்தன நிறத் தோல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான். மே மாதச் சென்னை வெயிலில் நின்ற காரில், கருப்புத் தோல்மீது உட்கார்ந்தவர்களுக்கு என் பிடிவாதம் புரியும். ஆனால் முதல் மாதமே மகன் புது ஜீன்ஸ் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு வரை வந்தான். இறங்கும்போது இருக்கையின் ஓரம் நீலம் பாரித்திருந்தது. அன்றே துடைத்ததில் பாதி போனது. மீதி இன்றும் இருக்கிறது.

முதல் ஆண்டு நான் செய்ததெல்லாம் தப்பு. தோல் என்றால் எண்ணெய் போட வேண்டாமா என்று தேங்காய் எண்ணெயைத் தடவினேன். இரண்டு நாள் பளபளத்தது. பிறகு தூசியெல்லாம் அதில் அப்பிக்கொண்டு, தையல் நூல்கள் பழுப்பேறின. அடுத்து, டேஷ்போர்டுக்குப் போடும் பாலிஷைப் பூசினேன். மறுநாள் பிரேக் போட்டபோது பின்னால் இருந்த அம்மா சர்ரென்று முன்னால் வழுக்கி வந்தார்.

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாதான் கண்ணைத் திறந்தார். இருக்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது உள்ளே இறங்காமல் முத்துப்போல நின்றது. “பார்த்தாயா? நீ இத்தனை நாள் தேய்த்தது தோலை இல்லையடா, பெயின்ட்டை” என்றார். பெரும்பாலான கார் இருக்கைத் தோல்களின் மேல் நிறப்பூச்சும், அதற்கும் மேல் நிறமற்ற பாலியூரித்தேன் பூச்சும் உண்டு. அதைத் தாண்டி எண்ணெய் இறங்க வழியில்லை. அந்தப் பூச்சைத் தின்பவை மணலும் வியர்வையும் தலை எண்ணெயும். போதாக்குறைக்கு, இருக்கையின் பக்கவாட்டும் முதுகுப்புறமும் வெறும் ரெக்ஸின் என்று தட்டிக் காட்டினார். அதற்கும் சேர்த்துத்தான் நான், தோலை மென்மையாக வைக்கப் பூசும் விலையுயர்ந்த கண்டிஷனர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் என் வேலை சுருங்கிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தையல் இடுக்குகளில் வாக்குவம், பிறகு நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி. மணலை எடுக்காமல் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கான கிளீனர். அதை இருக்கையில் நேராக அடிக்காமல், மெல்லிய பிரஷ்ஷில் எடுத்து நுரை வரத் தேய்த்து, காய்வதற்குள் துடைத்துவிடுவேன். எங்கள் காரின் இருக்கையில் நடுப்பகுதித் தோல் சிறு சிறு துளைகள் கொண்டது. அதில் இறங்கும் ஈரம் அடியிலுள்ள ஸ்பாஞ்சில் தங்கிவிடும். ஒரு வாட்டர் வாஷ் கடையில் சோப்பு நீரைக் கொட்டித் தேய்த்துத் தந்த பிறகு, ஒரு வாரம் காருக்குள் ஈரத்துணி வாடை.

அப்படியும் அடி விழாமல் இல்லை. 2020-இல் சானிடைசர் போட்ட கையை அப்படியே ஆர்ம்ரெஸ்டில் வைத்து வைத்து, அங்கே நிறம் மங்கிப் பிசுபிசுத்துப்போனது. ஆல்கஹாலுக்குப் பூச்சு தாங்காது. அதே ஆண்டு மழைக்காலத்தில் மூன்று வாரம் எடுக்காமல் நின்றதில், பின் இருக்கையில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அப்பாவின் தலைச்சாய்மானம் வேறு கதை. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல் போடுகிறவர். அங்கே ஒரு துண்டைப் போர்த்தியதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் ஆண்டில், ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்க மேட்டில் மெல்லிய வெடிப்புகள் வந்தன. ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு உரசுகிற இடம் அது. நிறம் பூசித் தருகிறேன் என்று ஒரு கடைக்காரர் பூசிய பூச்சு நான்கே மாதத்தில் உரிந்தது. இப்போது இருக்கையில் முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுக்கிறேன். இந்த வயதில் காரில் ஏறப் பழகுகிறீர்களா என்று மனைவி சிரிக்கிறாள்.