மடிநோய்க்கு முதலில் எது: பற்றா, ட்யூபா, ஊசியா?

ஐப்பசி அடைமழையில் தொழுவம் சேறாகிவிட்டால் திருநெல்வேலி மாவட்டத்து அம்பை, சேரன்மகாதேவி பக்கம் கறவை மாடுகளுக்கு மடிநோய் வரத் தொடங்கிவிடும். ஒரு காம்பில் பால் திரிந்து வந்தாலே செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டுவிடுவது பலருக்குப் பழகிப்போயிற்று. மடிமேல் பூசும் பற்று, காம்புத் துளை வழியே ஏற்றும் மருந்து ட்யூப், ஊசி என்ற மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சாதாரண மடிநோய்க்கு அந்த ஊசிதான் கடைசியில் நிற்க வேண்டியது.

எதைத் தேர்வு செய்தாலும் முதலில் மாட்டைப் பாருங்கள். பாலில் மட்டும் திரி இருக்கிறது, மடி மெத்தென்று இருக்கிறது, தீனி எடுக்கிறது என்றால் லேசானது. மடி வீங்கிச் சூடேறி, தொட்டால் உதைக்கிறது என்றால் நடுத்தரம். காய்ச்சல் 103 டிகிரிக்கு மேல், அசை போடவில்லை, பால் மஞ்சள் தண்ணீராக வருகிறது, மாடு படுத்துவிட்டது என்றால் கடுமை. அப்போது எந்த ஒப்பீடும் வேண்டாம், கால்நடை மருத்துவ உதவி எண் 1962-ஐ அழையுங்கள். அந்த மாட்டுக்கு ஊசியும் குளுக்கோஸும் உடனே வேண்டும்.

லேசான நோய்க்குப் பற்று நல்ல தொடக்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பரப்பிய முறைதான்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் செங்காவி நிறத்தில் விழுதாக வரும். ஒரு கைப்பிடி எடுத்து 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவி, பாலை ஒட்டக் கறந்துவிட்டு, மடி முழுக்கத் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து தடவை, ஐந்து நாள். தோற்பது பெரும்பாலும் இங்கேதான்: காலையும் மாலையும் மட்டும் பூசுவார்கள், கெட்ட பாலைக் கறந்து எடுக்காமலே பூசுவார்கள், நேற்று அரைத்ததை இன்று பூசுவார்கள். சுண்ணாம்பு கூடினால் காம்புத் தோல் வெந்துபோகும்.

பற்றுக்குக் கிடைக்கும் பெயரில் ஒரு பங்கு மாட்டுக்கே சேரும். ஈ.கோலை கிருமியால் வரும் லேசான மடிநோய், மருந்தே இல்லாமலும் பல மாடுகளில் சில நாளில் அடங்கிவிடும். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற கிருமி தானாகப் போகாது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மடிக்குள் கட்டி கட்டியாகக் கூடு கட்டிக்கொள்ளும், அதைப் பற்றும் அசைக்காது, பழையதாகிவிட்டால் ஊசியும் அசைக்காது. அதனால் இரண்டு நாளில் தெளிவு தெரியாவிட்டால் பற்றையே நம்பி இருக்கக் கூடாது.

அடுத்தது ட்யூப். நோய் எந்தக் காம்பில் இருக்கிறதோ அங்கேயே மருந்து இறங்குவதால், குறைந்த மருந்தில் அதிக வேலை நடக்கும். அகலாக்டியே கிருமிக்குப் பென்சிலின் வகை ட்யூப் நன்றாகக் கேட்கும். ட்யூபிலும் செஃப்ட்ரியாக்சோன் வகையையே சேர்ந்த செஃபோபெராசோன் போன்ற மூன்றாம் தலைமுறை மருந்து வருகிறது. அதை முதலில் கேட்டு வாங்காதீர்கள்.

ஏற்றும் கையைப் பொறுத்ததுதான் ட்யூபின் பலன். முழுக்கக் கறந்து, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால், பஞ்சில் அழுக்கு ஒட்டாதவரை துடைக்க வேண்டும். பல காம்பானால் தூரத்துக் காம்பை முதலில் துடைத்து, கிட்டத்துக் காம்பில் முதலில் ஏற்றினால், துடைத்த காம்பில் சட்டைக்கை உரசாது. ட்யூபின் மூக்கை முழுதாகக் குத்தாமல் சில மில்லிமீட்டர் மட்டும் நுழைத்தால் போதும். ஆழமாகத் தள்ளினால் துளையின் உள்பூச்சு உரிந்து, அடுத்த கிருமிக்கு வாசல் திறந்துவிடும். ஊசி மருந்தைச் சிரிஞ்சில் எடுத்துக் காம்புக்குள் பீய்ச்சுவது இங்கே இன்னும் நடக்கிறது. அதோடு பூஞ்சை உள்ளே போனால் எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காது. இரண்டாம் நாளே பால் வெள்ளையாகிவிட்டது என்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொன்ன எண்ணிக்கையை முடியுங்கள்.

ஊசி எளிது, அதனால்தான் பரவியது. ஆனால் செஃப்ட்ரியாக்சோனும், ஜென்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் இரத்தத்திலிருந்து பாலுக்குள் குறைவாகவே இறங்கும். மடியில் அரைகுறையாகவும் குடலில் தாராளமாகவும் செஃப்ட்ரியாக்சோன் சேர்ந்தால், மருந்துக்கு எதிர்ப்பு பெற்ற கிருமிதான் தங்கும், அது சாணத்தோடு வயலுக்கும் வாய்க்காலுக்கும் போகும். மனிதருக்கு டைபாய்டிலும் மூளைக்காய்ச்சலிலும் உயிர் காக்கும் மருந்து செஃப்ட்ரியாக்சோன். உலக சுகாதார நிறுவனம் அந்த வகையை மிக முக்கிய மருந்துகளில் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியா 2019-இல் தடை போட்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஊசியா ட்யூபா என்று ஊகிக்காமல் இருக்க ஒரே வழி பால் பரிசோதனை. முதல் மருந்துக்கு முன்பே, முதல் சில பீச்சைக் கீழே விட்டு, கிருமி நீக்கிய குப்பியில் 5 மில்லி எடுத்து, ஐஸில் வைத்து, உங்கள் மருத்துவர் மூலம் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும். லேசான நோயில் அந்த நாட்களைப் பற்று தாங்கும்.

பாலை ஒதுக்குவதில் மூன்றும் வேறுபடும். பற்றுக்கு விலக்கு நாள், அதாவது பாலை ஒதுக்க வேண்டிய நாள், கிடையாது, மடியைக் கழுவிக் கறந்தால் போதும், திரிந்த பாலை மட்டும் கொட்ட வேண்டும். ட்யூபுக்கும் ஊசிக்கும் லேபிளில் எழுதிய நாள் வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது. லேபிளில் இல்லையென்றால் சட்டப்படி குறைந்தது 7 நாள். ஒரு காம்பில் மட்டும் ட்யூப் போட்டாலும் நாலு காம்புப் பாலும் இதில் அடங்கும். காய்ச்சினால் மருந்து போய்விடாது, உறை ஊற்றினாலும் தயிர் தோயாமல் போகலாம். அந்தப் பாலைக் கன்றுக்குக் கொடுப்பது பெரிய தவறு, எதிர்ப்புக் கிருமியைக் கன்றின் குடலில் வளர்ப்பதாகும். எருக்குழியில் ஊற்றுங்கள்.

அடுத்த ஈற்றுக்கு முன் கறவையை நிறுத்தி வற்ற விடும்போது நாலு காம்புக்கும் ட்யூப் போடுவதா, தேவையானதற்கு மட்டுமா என்ற கேள்விக்கு எங்கள் பதில் இரண்டாவதுதான். கன்று ஈன 60 நாளுக்கு முன் ஒவ்வொரு காம்பின் பாலையும் சி.எம்.டி. என்ற மடிநோய் சோதனைக் கரைசலில் பாருங்கள். பால் குழகுழப்பாகத் திரண்ட காம்புக்கும், அந்த ஈற்றில் நோய் கண்ட காம்புக்கும் போட்டால் போதும். மற்றவற்றுக்குக் காம்பை நனைக்கும் அயோடின் கரைசலும் காய்ந்த தரையும் தேவை. கறவை நாட்களிலும் கறந்தவுடன் காம்பை நனைத்துவிட்டு வைக்கோலைப் போடுங்கள். காம்புத் துளை மூடும்வரை, அரை மணி நேரமாவது, மாடு படுக்காமல் நிற்கும்.