விண்டோஸ் 11-இன் வீட்டுப் பகிர்வு: கோப்புக்கு நம்பலாம், இணையத்துக்கு அவசரத்தில் மட்டும்

காசு கொடுத்து வாங்காத பொருளுக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். வீட்டுக் கணினிகளுக்குப் பொதுவாக ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் பொதுச் சேமிப்புப் பெட்டி) வாங்கலாமா என்று விலை விசாரிக்கும் பலரிடம், அதே வேலையைச் செய்யும் மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் 11 உள்ள எந்தக் கணினியும் கோப்புகளைப் பகிரும். தனக்கு வரும் இணைய இணைப்பைப் பக்கத்துக் கணினிக்கும் கொடுக்கும். முதல் வேலையை நன்றாகச் செய்கிறது. இரண்டாவதை அரைகுறையாகத்தான் செய்கிறது.

முன்பு ஹோம்குரூப் என்ற எளிய வழி இருந்தது. ஒரே கடவுச்சொல்லைப் போட்டால் வீடு முழுக்கப் பகிரலாம். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். மாற்றாக வந்த நியர்பை ஷேரிங் ஒன்றிரண்டு படங்களை அனுப்பத்தான் லாயக்கு. நிரந்தரப் பகிர்வுக்கு இப்போது பழைய முறைதான்: கோப்புறையை நாமே பகிர வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது நெட்வொர்க் வகை. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இணைந்திருக்கும் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் பண்புகளில் 'பிரைவேட்' என்று மாற்ற வேண்டும். 'பப்ளிக்' என்று இருந்தால் ஃபயர்வால் கதவைத் திறக்காது. மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வேலைக்கு ஆகாது. அடுத்து அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில், பிரைவேட் நெட்வொர்க்குக்குக் கீழே நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் இயக்க வேண்டும். கடவுச்சொல் பாதுகாப்பு இயங்கியபடியே இருக்கட்டும். அதை அணைத்துவிடச் சொல்லும் யூடியூப் அறிவுரைகளைத் தாண்டிப் போய்விடலாம்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இனிதான். மறு கணினியில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்போது, தினமும் போடும் நான்கு இலக்க பின் (PIN) எண்ணை அடிக்கிறார்கள். பின் எண் அந்த ஒரு கணினிக்குள் மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியாக ஏற்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். அது பலருக்கு நினைவிருக்காது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் வெளியிலிருந்து அனுமதிக்காது. இதற்கு ஒரே சுத்தமான தீர்வு, பகிர்வுக்கென்றே ஒரு உள்ளூர் கணக்கு. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய், புதியவரின் உள்நுழைவு விவரம் இல்லை என்று சொல்லி, மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத பயனரைச் சேர்க்க வேண்டும். பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். அட்மின் உரிமை வேண்டாம்.

பிறகு டி டிரைவில் ஒரு கோப்புறை உருவாக்கி, பண்புகளில் ஷேரிங் தாவல், அட்வான்ஸ்டு ஷேரிங், பெர்மிஷன்ஸ். அங்கே இருக்கும் 'எவ்ரிஒன்' என்பதை நீக்கிவிட்டுப் புதிய கணக்கைச் சேர்க்கவும். இதோடு நின்றால் போதாது. செக்யூரிட்டி தாவலிலும் அதே கணக்குக்கு மாடிஃபை (மாற்றி எழுதும்) உரிமை தர வேண்டும். இரண்டு பூட்டு உள்ள கதவு இது, இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். கோப்புறை தெரிகிறது, திறக்கவும் செய்கிறது, சேமிக்க மட்டும் முடியவில்லை என்றால் காரணம் அநேகமாக இதுதான். டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ உள்ள கோப்புறையைச் சாதாரண 'ஷேர்' பொத்தானால் பகிர வேண்டாம். யூசர்ஸ் என்ற மேல் கோப்புறையே பகிர்வில் போய் நிற்கும்.

மறு கணினியில் ஃபைல் எக்ஸ்புளோரர் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு முதல் கணினியின் பெயரை அடித்தால் போதும். பயனர் பெயர் கேட்கும் இடத்தில் கணினிப் பெயர், ஒரு பின்சாய்வு, கணக்கின் பெயர் என்ற வரிசையில் கொடுத்தால் குழப்பம் வராது. இடப்பக்கம் 'நெட்வொர்க்' பட்டியலில் கணினி வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அந்தப் பட்டியல் தனி சேவை ஒன்றை நம்பி இருக்கிறது. பட்டியலில் இல்லாத கணினியும் பெயரை அடித்தால் திறக்கும். பெயருக்கும் திறக்காவிட்டால் 192.168 என்று தொடங்கும் அதன் ஐபி முகவரியை அடித்துப் பாருங்கள். ஐபிக்குத் திறந்தால் பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல்; ரவுட்டரில் அந்தக் கணினிக்கு முகவரியை ஒதுக்கி வைத்துவிட்டு அதையே பயன்படுத்தலாம்.

80070035 என்று முடியும் பிழை வந்தால் பாதை கிடைக்கவில்லை என்று பொருள்: மறு கணினி தூங்குகிறது, நெட்வொர்க் பப்ளிக்காக இருக்கிறது, அல்லது இரண்டில் ஒரு கணினி ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் மாட்டியிருக்கிறது. விருந்தினர் வைஃபையில் இருக்கும் சாதனங்களை வீட்டு நெட்வொர்க்கோடு பேசவிடாமல் வைப்பதுதான் பெரும்பாலான ரவுட்டர்களின் வழக்கம். மாடிக்கென்று இரண்டாவது ரவுட்டர் வைத்த வீடுகளில் இன்னொரு வம்பு. அதன் வேன் (WAN, இணையம் உள்ளே வரும்) துளையில் கேபிளைச் செருகியிருந்தால் மாடி வேறு நெட்வொர்க், கீழ்வீடு வேறு நெட்வொர்க். அதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு, அதாவது தனி நெட்வொர்க் அமைக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் முறைக்கு, மாற்றினால் தீரும்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு புதிதாக ஒரு புகார். ரவுட்டரின் யூஎஸ்பியில் கடவுச்சொல் இல்லாமல் மாட்டியிருந்த ஹார்டு டிஸ்க், புரோ பதிப்பு உள்ள கணினியில் திடீரென்று திறக்கவில்லை. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று செய்தி வருகிறது. வீட்டில் ஏது நிறுவனம்! விஷயம் இவ்வளவுதான்: கடவுச்சொல் இல்லாத விருந்தினர் அணுகலைப் புரோவில் அணைத்துவிட்டார்கள். விண்டோஸின் பாதுகாப்பைத் தளர்த்துவதைவிட, ரவுட்டர் பக்கத்தில் ஒரு பயனரும் கடவுச்சொல்லும் வைப்பதே சரி. பழைய டிவிக்காகவோ நாஸ் பெட்டிக்காகவோ கோப்புப் பகிர்வின் பழைய நெறிமுறையான எஸ்எம்பி 1-ஐ மீண்டும் நிறுவவும் வேண்டாம். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் உலகம் சுற்றியது அந்த வழியில்தான்.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேபிள் சரியாக இருந்தால். ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 எம்பி வரை போகும்; 4.5 ஜிபி படம் 40 நொடியில் வந்துவிடும். 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டாது. அதே படத்துக்கு ஆறரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஈதர்நெட் பண்புகளில் லிங்க் ஸ்பீடு 100/100 என்று காட்டினால் முதலில் கேபிளையும் முனையையும் சந்தேகப்படுங்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். முனையைப் பொருத்தும் கிரிம்பிங் சரியில்லாமல், 100-க்குத் தேவைப்படாத ஜோடி ஒன்று விட்டுப்போனால் இணைப்பு பெரும்பாலும் அறாது, சத்தமில்லாமல் வேகம் குறைந்து நிற்கும். இரு கணினியும் வைஃபையில் என்றால் ஒவ்வொரு பைட்டும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது. ஒன்றையாவது கேபிளில் போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான சின்னப் படங்களை நகலெடுக்கும்போது வேகம் படுத்துவிடுவது எல்லா நெட்வொர்க்கிலும் உள்ளதுதான். ஜிப் செய்து அனுப்புங்கள், அல்லது ஒரே நேரத்தில் பல கோப்புகளை எடுக்கும்படி, விண்டோஸிலேயே உள்ள நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியை இயக்குங்கள்.

கைபேசிக்கும் இது ஒத்துழைக்கிறது. ஐஃபோனில் 2019-இன் ஐஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் செயலியிலேயே சர்வரோடு இணையும் வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் விஎல்சி என்ற வீடியோ செயலி பகிர்ந்த கோப்புறையிலிருந்து நேரடியாகப் படம் ஓட்டும்.

இனி இணையப் பகிர்வு. 1999-இல் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்போடு வந்த பழைய சரக்கு. டயல்-அப் காலத்தில் வீட்டுக்கு ஒரே மோடம் என்பதால் பிழைத்தது. ரவுட்டர் இருக்கும் வீட்டுக்கு இது தேவையே இல்லை. தேவைப்படுவது ஃபைபர் அறுந்த நாளில்: கைபேசியை யூஎஸ்பியில் கணினியோடு இணைத்து டெதரிங் (கைபேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் வசதி) போட்டு, அந்த இணையத்தை மற்றவற்றுக்குக் கொடுப்பதற்கு. கணினியில் வைஃபை இருந்தால் செட்டிங்ஸில் உள்ள மொபைல் ஹாட்ஸ்பாட்டே போதும். எட்டுச் சாதனங்கள் வரை சேரலாம். யாரும் சேராமல் இருந்தால் தானே அணைந்துவிடும், அதன் பவர் சேவிங் பொத்தானை அணைத்து வையுங்கள்.

கேபிள் வழியாகக் கொடுக்க, கண்ட்ரோல் பேனலில் அடாப்டர் பட்டியலைத் திறந்து, இணையம் வரும் அடாப்டரின் பண்புகளில் ஷேரிங் தாவலின் முதல் பெட்டியை டிக் செய்து, கீழே வெளியே கொடுக்கப்போகும் ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிக் போட வேண்டியது வரும் பக்கத்தில், கொடுக்கும் பக்கத்தில் அல்ல. இதை மாற்றிப் போடுபவர்களே அதிகம். அந்த ஈதர்நெட்டுக்கு 192.168.137.1 என்ற முகவரி வந்து, மறு கணினிக்கு அதே வரிசையில் முகவரி தானாகக் கிடைக்கும். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் பகிர்வு இயங்கவில்லை.

கணினியை மறுதொடக்கம் செய்தால் டிக் அப்படியே இருக்கும், இணையம் மட்டும் போகாது. டிக்கை எடுத்துத் திரும்பப் போட்டால் வரும். மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்ட குறை இது; இணையப் பகிர்வுச் சேவையைத் தானியங்கியாக மாற்றி, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பும் சேர்க்கச் சொல்கிறார்கள். ஒரு நாள் கூத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கொடுக்கும் கணினி தூங்கினால் எல்லோருக்கும் இணையம் போய்விடும் என்பதால் ஸ்லீப்பை மட்டும் அணைத்துவிடுங்கள்.

பகிர்வு இயங்கும்போது அந்தக் கேபிளை வீட்டு ரவுட்டரின் லேன் (LAN, வீட்டுக் கணினிகளுக்கான) துளையில் செருகக் கூடாது. முகவரி வழங்க இருவர் ஆகிவிடுவார்கள். யாருக்கு எந்த முகவரி வரும் என்று சொல்ல முடியாது. ஃபைபர் திரும்பி வந்ததும் முதலில் டிக்கை எடுங்கள், பிறகு கேபிளை ரவுட்டருக்கு மாற்றுங்கள். அப்போதும் இணையம் வராவிட்டால் ஈதர்நெட்டின் ஐபி அமைப்பைப் பாருங்கள்: 192.168.137.1 அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தால் தானாகப் பெறும்படி மாற்றிவிடலாம்.