ட்ரிக்கர் ஸ்பிரிங் மாத்தி மூணு வருஷம் ஆச்சு, இப்போ எப்படி இருக்கு?

என்னோடது .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால போல்ட்ட இழுத்து மூடுற வகை, பேப்பர் டார்கெட்டுக்கு மட்டும்தான். வாங்கினப்போ ட்ரிக்கர் கல்லு மாதிரி, இழுக்க எவ்வளவு விசை வேணும்னு காட்டுற கேஜ் மாட்டி பத்து தடவ இழுத்துப் பாத்தா சராசரி 2.3 கிலோ, ரைஃபிளே மூணு கிலோ சொச்சம்தான், அப்புறம் இழுக்குற இழுப்புக்கு துப்பாக்கியும் கூடவே ஆடாம என்ன செய்யும்.

தோட்டாவ அடிக்குற ஃபயரிங் பின்ன ட்ரிக்கர் இழுக்குற வரைக்கும் பிடிச்சு வெச்சிருக்குற சியரைத் தேய்ச்சு விடுன்னு சொன்னாங்க, தொடவே இல்ல. மேல இருக்குற கெட்டியான படலம் ரொம்ப மெல்லிசு, அது போச்சுன்னா உள்ள இருக்குற மெத்து இரும்பு தேயும், எப்போ வழுக்கும்னு சொல்ல முடியாது. ஃபயரிங் பின் ஸ்பிரிங்கையும் விட்டுட்டேன், அது லேசானா தோட்டா வெடிக்காம சொதப்பும்.

ட்ரிக்கர் ஸ்பிரிங் மாத்துற கிட்ல மூணு ஸ்பிரிங் வந்துச்சு. பழசு எகிறிக் காணாமப் போகாம இருக்க ஒரு பெரிய பாலிதீன் கவருக்குள்ள கைய விட்டுத்தான் கழட்டினேன். ஆசை யார விட்டுச்சு, இருக்குறதுலயே லேசானத மாட்டினேன், கேஜ்ல 700 கிராம், விரல வெச்சா போதும். சேம்பர் காலியான்னு கண்ணால பாத்து விரல விட்டும் பாத்துட்டு, டம்மி தோட்டா போட்டு காக் பண்ணி, அதாவது சுடத் தயாரா வெச்சு, சேஃப்டிய எடுத்துட்டு ஸ்டாக்க ரப்பர் சுத்தியலால தட்டினேன். மூணாவது தட்டுல 'டக்'னு பின் விழுந்துச்சு. ட்ரிக்கர் பக்கம் என் கை போகவே இல்ல! வயிறு கலங்கிடுச்சு.

அன்னிக்கே நடுத்தரத்த மாட்டினேன், 1.2 கிலோ. எல்லாப் பக்கமும் தட்டினேன், போல்ட்ட வேகமா அடிச்சு மூடினேன், சேஃப்டி போட்டு ட்ரிக்கர இழுத்து விட்டுட்டு சேஃப்டிய எடுத்தேன், எதுலயும் விழல. எப்போ கழட்டி மாட்டினாலும் இந்த மூணும் பண்ணாம தோட்டாப் பெட்டியத் திறக்குறதில்ல.

இதுவரைக்கும் 5000 தோட்டாவுக்கு மேல போயிருக்கும், கேஜ்ல இன்னும் அதே 1.2 பக்கம்தான் காட்டுது. குறைன்னா, முன்ன கனத்துல தெரியாம இருந்த கரகரப்பு இப்போ விரல்ல நல்லாவே தெரியுது, ஸ்பிரிங் அதுக்கு மருந்து இல்ல. ஒரு தடவ நல்ல குளிர்ல எண்ணெய் கெட்டியாகி ட்ரிக்கர் சோம்பலா திரும்பி வந்துச்சு, பழைய ஸ்பிரிங்கா இருந்தா தள்ளிட்டு வந்திருக்கும். எண்ணெயத் தொடச்சு உலர்வா விட்டதுல இருந்து தொந்தரவு இல்ல. வேற யாராச்சும் சுடக் கேட்டா காலியா நாலு தடவ இழுக்க வெச்சுட்டுத்தான் தோட்டா கையில குடுக்குறேன்.