பழைய பேஸ்பால் அட்டைகளை விற்க: மேசையா, பையோடு ஒரு சுற்றா, ஏலமா?

அமெரிக்காவில் பழைய பேஸ்பால் அட்டைகளை, அதாவது வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளை, சேர்த்து வைத்திருப்பவர் அவற்றில் ஒரு பகுதியை விற்க முடிவெடுத்ததும் மூன்று வழிகளை எடைபோட வேண்டியிருக்கிறது. அட்டைக் கண்காட்சியில் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்து உட்காரலாம். நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு பையோடு உள்ளே போய், அங்கே கடை விரித்திருக்கும் டீலர்களிடம் விற்கலாம். அல்லது ஏல நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கலாம். மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். என் கையிருப்பில் பெரும்பகுதி 1950களிலிருந்து 1970களின் தொடக்கம் வரையான, டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அட்டைகளே. ஆகவே இங்கே சொல்வது 'விண்டேஜ்' என்று வழங்கும் பழைய அட்டைகளுக்கே பொருந்தும். இந்த ஆண்டு வெளியான புதுமுக வீரர்களின் பளபளப்பான அட்டைகளுக்குக் கணக்கே வேறு.

எந்த வழியில் அதிகப் பணம் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அட்டையின் சிறப்பு எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியும் என்பதை முதலில் கேட்டால், விலைக்கான விடை பெரும்பாலும் தானாகவே வந்துவிடுகிறது. ஹாங்க் ஆரன் என்ற நட்சத்திர வீரரின் முதல் அட்டையை, அதாவது 1954 டாப்ஸ் அறிமுக அட்டையை, எண்ணிப் பாருங்கள். முன்பக்கத்தின் ஆரஞ்சு நிறம் மங்கவில்லை, படம் நடுவில் நிற்கிறது, மூலைகள் சற்றே மழுங்கியிருக்கின்றன. ஆனால் யாரோ ஒரு சிறுவன் அதை ஆல்பத்தில் பசைபோட்டு ஒட்டியதால் பின்பக்கத்தில் தாள் உரிந்திருக்கிறது. தரமிடும் நிறுவனம் அந்தப் பின்பக்கத்தைப் பார்த்து, பத்துக்கு 1 அல்லது 1.5 என்று எண் போட்டுவிடும். இணையத்திலும் ஏலப் பட்டியலிலும் அந்த எண்தான் முதலில் பேசும், விலையும் அதை ஒட்டியே நிற்கும். அதே அட்டையை மேசைமேல் விளக்கொளியில் வைத்தால், முன்பக்கம் பளிச்சென்று இருந்தால் போதும் என்று தேடி வருபவர் அதற்கு முன் நின்றுவிடுவார். இத்தகைய அட்டைகளைக் கண்காட்சியில்தான் விற்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

மேசை போடுவதை எடுத்துக்கொள்வோம். வாடகை, பூட்டுடன் கூடிய கண்ணாடிப் பெட்டி, விளக்கு, விடுதிச் செலவு ஆகியவை முதல் அட்டை விற்பதற்கு முன்பே கையைவிட்டுப் போய்விடும். பெரும்பாலான மாநிலங்களில் மேசை போட்டு விற்பவர் விற்பனை வரிக்கான அனுமதியையும் பெற்றிருக்க வேண்டும். இவ்வளவையும் ஈடுகட்ட, நட்சத்திர வீரர்களின் நான்கைந்து அட்டைகள் மட்டும் இருந்தால் போதாது. 'காமன்ஸ்' எனப்படும் சாதாரண வீரர்களின் அட்டைகள் ஆண்டு வாரியாகவும் எண் வரிசையாகவும் பெட்டி பெட்டியாக இருக்க வேண்டும். 1952 டாப்ஸ் தொகுப்பில் 407 அட்டைகள், 1971இல் 752 அட்டைகள். ஒரு தொகுப்பை முழுமையாக்க முயல்பவர் விடுபட்ட எண்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மேசைக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு அரை மணி நேரம் புரட்டுவார். எழும்போது முப்பது அட்டைகளை ஒரே அடுக்காக நீட்டி, மொத்தமாக என்ன விலை என்று கேட்பார். மேசைக்காரரின் வாடகையை மீட்டுத் தருபவர் இவர்தான், கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் நட்சத்திர வீரர் மிக்கி மேண்டிலின் அட்டையைப் படம் எடுத்துவிட்டு நகரும் கூட்டம் அல்ல. 1952 தொகுப்பின் 311 முதல் 407 வரையான கடைசி வரிசையைப் போல அரிதானவற்றைத் தனிப் பெட்டியில் பிரித்து வைப்பது அவசியம். அந்த வரிசையின் விற்காத சரக்கை 1960 வாக்கில் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கர் பின்னாளில் சொன்னார். அதிலுள்ள பெயர் தெரியாத வீரர்கூட முந்தைய வரிசைகளின் பெயர் பெற்ற வீரர்கள் சிலரைவிட விலை கூடியவர்.

மேசைக்கு வேறொரு பலனும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை. மேசை விற்கும் இடம் மட்டுமல்ல, வாங்கும் இடமும்கூட. பொதுமக்களுக்குக் கதவு திறப்பதற்கு முன், டீலர்கள் சரக்கை அடுக்கும் நேரத்திலேயே அவர்களுக்குள் கைமாறும் அட்டைகள் ஏராளம். கதவு திறந்த பிறகு, தாத்தாவின் காலணிப் பெட்டியோடு வருகிறவர் மேசை போட்டவரிடம்தான் கேட்பார், நடந்துகொண்டிருப்பவரிடம் கேட்பதில்லை. இதன் மறுபக்கம், மேசையைவிட்டு நகர முடியாது என்பது. துணைக்கு ஆள் இல்லாமல் மேசை போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவருக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் மேசையின் மறுகோடியிலிருந்து அட்டை காணாமல் போகிறது. எனக்கு ஒருமுறை அப்படி ஒரு 1955 கிளெமென்டே அட்டை போயிற்று.

பையோடு நடந்து விற்பதில் இந்தச் செலவுகள் எதுவும் இல்லை. அதற்குப் பதில் விலையில் விட்டுக்கொடுக்க வேண்டும். அண்மை விற்பனைகளைப் பார்த்தால் ஆயிரம் டாலர் பெறும் அட்டைக்கு டீலர் அறுநூறிலிருந்து எழுநூற்றைம்பது வரை சொன்னால், அதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் வாடகை கட்டியிருக்கிறார், அட்டை எத்தனை மாதம் பெட்டியில் கிடக்கும் என்று அவருக்குத் தெரியாது, கடைசியில் வாங்குபவரும் அவரிடம் பேரம் பேசத்தான் போகிறார். விற்பவர் செய்யக்கூடியது, தன் அட்டையின் அண்மை விற்பனை விலைகளைக் கைப்பேசியில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வதும், தன் விலையைத் தானே முதலில் சொல்வதும், குறைந்தது மூன்று மேசைகளில் கேட்பதும் ஆகும். டீலர் தன் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிடக் கூடாது. இன்னொருவர் மேசைக்கு முன் நிற்பவரிடம் தன் அட்டையை எடுத்துக் காட்டவே கூடாது. இந்த இரண்டாவது தவற்றைச் செய்தவரை அந்த மண்டபம் வெகுநாள் மறப்பதில்லை.

நடந்து விற்பதில் உண்மையான இழப்பு விலைக்குறைவால் வருவதைவிடப் பொறுக்கி எடுப்பதால் வருகிறது. இருபது அட்டைகளை விரித்ததும், எளிதில் விற்கும் மூன்றை மட்டும் டீலர் பிரித்தெடுப்பார். அந்த மூன்றையும் கொடுத்துவிட்டால் மீதிப் பதினேழை வாங்க அன்று ஆள் கிடைக்காது. மொத்தமாகத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டு, தயங்கினால் பையை மூடிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போவதே சரி. சங்கடமாகத்தான் இருக்கும். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இரு வழிகளுக்கும் பொதுவான ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். 1971 டாப்ஸ் அட்டைகளின் ஓரம் கறுப்பு; சற்று உரசினாலும் வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். அந்த வெள்ளையைக் கறுப்பு மார்க்கரால் மறைத்து விற்பவர்கள் உண்டு. அனுபவமுள்ள டீலர் அட்டையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதைப் பக்கவாட்டில் திருப்பி, விளிம்பை விளக்குக்கு நேராகப் பிடிப்பார். மார்க்கர் மை தாளின் வெட்டுமுனைக்குள் ஊறியிருந்தால், வெளிர் நிறமாக இருக்க வேண்டிய அந்தக் கோட்டில் கறுப்புத் திட்டுகள் தெரிந்துவிடும். 1933இல் கௌடி நிறுவனம் வெளியிட்ட அட்டையை நீட்டினால் சிறு புற ஊதா விளக்கு வெளியே வரும்: ஒளிரூட்டும் வேதிப்பொருள் கலந்த தாள் பொதுவாக இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவியது, ஆகவே நீலமாக ஒளிர்கிற கௌடி போலியாகவே இருக்கும். இந்தச் சோதனைகளை வீட்டிலேயே செய்துவிட்டு, தெரிந்த குறையை நாமே முதலில் சொல்லிவிட்டால், அதன் பிறகு பேரத்தின் தொனியே மாறிவிடுகிறது.

ஏலம் வேறு அளவிலான வழி. 2022 ஆகஸ்டில் ஒரு 1952 டாப்ஸ் மேண்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அத்தகைய அட்டைக்கு ஏற்ற கூட்டம் எந்த மண்டபத்திலும் இருக்காது. பெயர் பெற்ற ஏல நிறுவனங்கள் குறைந்த மதிப்புள்ள அட்டைகளைத் தனித்தனியாக ஏற்பதில்லை. ஏற்றாலும் அட்டையை ஒப்படைப்பதிலிருந்து பணம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். வாங்குபவர் மேலதிகமாகச் செலுத்தும் கட்டணம் பெரும்பாலும் 20 விழுக்காடு அல்லது அதற்கும் மேல். அது விற்பவரின் பணமில்லை என்று சொல்லப்பட்டாலும், ஏலம் கேட்பவர் அதையும் கணக்கில் வைத்துத்தான் கேட்கிறார். நம்பகத்தன்மையும் ஏலத்திற்குத் தானாக வந்துவிடுவதில்லை. மாஸ்ட்ரோ ஏல நிறுவனத்தை நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டி206 என்ற பழைய சிகரெட் அட்டைத் தொகுப்பைச் சேர்ந்த, உலகப் புகழ்பெற்ற ஹோனஸ் வாக்னர் அட்டையின் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதையும் அப்போது ஒப்புக்கொண்டார். 1991இல் தொடங்கிய பிஎஸ்ஏ நிறுவனம் முதன்முதலாகத் தரமிட்ட அட்டை அதுதான்.

இணையத்தில் நாமே விற்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. ஏற்கெனவே நல்ல எண் பெற்று, தரமிடும் நிறுவனம் மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் பேழையில் ('ஸ்லாப்') இருக்கும், எளிதில் விலை ஒப்பிடக்கூடிய அட்டைக்கு அது பொருத்தமானது. கட்டணம், அனுப்பும் செலவு, திருப்பி அனுப்பும் வாய்ப்பு மூன்றையும் கழித்த பிறகு, நல்ல டீலர் தரும் விலையோடு இடைவெளி பல நேரம் எதிர்பார்த்ததைவிடக் குறுகிவிடுகிறது.

அப்படியானால் கண்காட்சிக்கு முன் தரமிட வேண்டுமா? மூலைகள் கூர்மையாக, நடுவமைவு சரியாக இருக்கும் நட்சத்திர அட்டைக்குக் கட்டாயம் வேண்டும்; ஸ்லாபில் இல்லாத நல்ல அட்டையை, 'ரா' என்று டீலர்கள் சொல்லும் நிலையில், முழு விலைக்கு வாங்க யாரும் துணிவதில்லை, ஓரம் வெட்டப்பட்டதோ என்ற அச்சம் அவ்வளவு. நடுத்தர நிலையிலுள்ள காமன்களுக்குத் தரமிடும் கட்டணமே அட்டையின் விலையை விழுங்கிவிடும். மேலே சொன்ன ஆரனைப் போன்றவற்றை நான் ஸ்லாபில் போடுவதில்லை. டாப்லோடர் எனப்படும் விறைப்பான பிளாஸ்டிக் உறையில் வைத்து, பின்பக்கச் சேதத்தை ஒரு சிறு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுகிறேன்.

எந்தக் கண்காட்சி என்பதிலும் இரண்டு வகை. 1980இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி இன்று 'தி நேஷனல்' என்றே அறியப்படும் ஆண்டுப் பெருவிழா, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்டிலும் கிளீவ்லாந்திலும் அட்லாண்டிக் சிட்டியிலும் மாறி மாறிப் பல நாள்கள் நடக்கிறது. பையோடு நடப்பவருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான டீலர்கள், கையில் ரொக்கம். ஆனால் முதன்முறை மேசை போடுபவர் அங்கே போட வேண்டாம். வாடகை அதிகம், பக்கத்து மேசையில் நாற்பது ஆண்டு அனுபவமுள்ளவர் உட்கார்ந்திருப்பார். விடுதி மண்டபத்தில் மாதந்தோறும் நடக்கும் சிறு கண்காட்சியில் ஒரு மேசை போட்டால், பட்டியலோடு வருபவர்களின் முகமும் தேவையும் இரண்டு மூன்று மாதங்களில் பழகிவிடும்.

பணத்தில் கவனம் வேண்டும். அட்டைகளை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவர் ஒரே பரிவர்த்தனையில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் பெற்றால், 15 நாள்களுக்குள் 8300 என்ற படிவத்தை நிரப்பி வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சேகரிப்பாளராக ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், லாபத்தின் மீதான கூட்டாட்சி வரி 28 விழுக்காடு வரை போகலாம். பங்குகளுக்கான உச்ச விகிதத்தைவிட இது அதிகம். வாங்கிய விலைக்குச் சான்று இல்லாவிட்டால் விற்ற தொகை முழுவதும் லாபமாகக் கொள்ளப்படக்கூடும். இதனால்தான் வாங்கிய நாளையும் விலையையும் ஒவ்வொரு டாப்லோடரின் பின்புறத்திலும் எனக்கு மட்டும் புரியும் குறியீட்டில் எழுதி வைக்கிறேன். மேசைமேல் அட்டையைத் திருப்பிக் காட்டும்போது எதிரே இருப்பவருக்கு அதில் வெறும் எழுத்துகள்தான் தெரியும்.