ஏற்காட்டுக் குளிருக்கு இன்ஜின் ஹீட்டர் பேடு தேவையா?

பொருள் நல்ல பொருள்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 5க்கு 3 ஸ்டார்தான் கொடுக்கிறேன் என்றால் பாதிக் காரணம் அதன் பிளக், மீதி என் அவசரம்.

வண்டி பழைய மகிந்திரா எம்எம் 540 ஜீப், பியூஜோ டீசல் இன்ஜின். ஏற்காட்டில் நாகலூர் ரோட்டுப் பக்கம் தோட்டத்து ஷெட்டில் நிற்கிறது. கார்த்திகை பிறந்தால் தை முடியும்வரை காலையில் கிளப்புவதற்குள் உயிர் போய்விடும். காப்பிப் பழம் பறிக்கிற நேரமும் அதுதான், ஆறரைக்கு ஆட்களை ஏற்றிவரப் போகணும், இது கர் கர் என்று இழுத்துவிட்டு அப்படியே படுத்துக்கொள்ளும், அப்புறம் நாலு பேர் சேர்ந்து இறக்கத்தில் தள்ளினால்தான் உண்டு.

அக்கா பையன் கனடாவில் பைலட் படிப்பு படிக்கிறான். போனில் புலம்பியபோது, அங்கே சின்ன விமானங்களின் ஆயில் சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஒரு ஹீட்டர் பேடு ஒட்டி ராத்திரியே பிளக்கில் சொருகிவிடுவார்கள், மேலே கம்பளி மாதிரி ஒரு உறை போட்டு மூடுவார்கள் என்றான். உடனே ஆன்லைனில் தேடி 230 வோல்ட், 200 வாட் சிலிகான் பேடு ஒன்றை வாங்கிவிட்டேன். அவன் சொன்ன மீதியைக் காதில் வாங்கவே இல்லை.

ஒட்டுவது பெரிய வேலை இல்லை, ஆனால் பொறுமை வேணும். சம்ப்பில் இருபது வருஷத்து ஆயிலும் செம்மண்ணும் சேர்ந்து அடை மாதிரி அப்பியிருந்தது. அதைச் சுரண்டி, எமரி பேப்பர் போட்டு, தின்னரில் துடைத்து, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகுதான் பேடு பிடித்தது. காற்றுக் குமிழி ஒன்றுகூட உள்ளே நிற்கக் கூடாது, நின்றால் அந்த இடம் மட்டும் கருகும். ஓரம் முழுக்க சிலிகான் பசை இழுத்து ஒரு நாள் காயவிட்டேன். கூட வந்தது எர்த் இல்லாத இரண்டு பின் பிளக். ரப்பர் டயரில் நிற்கிற இரும்பு வண்டிக்கு எர்த் இல்லாமல் 230 வோல்ட் கொடுப்பதா? தூக்கிப் போட்டுவிட்டு மூன்று பின் ஒயர் மாற்றி, பேடின் எர்த்தைச் சம்ப் போல்ட்டில் இறுக்கி, லைனில் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் தானே லைனை அறுக்கும் ஸ்விட்ச்) போட்டேன். இதற்கே ஒரு ஸ்டார் போச்சு.

மறுநாள் காலை 12 டிகிரி. டைமர் வைத்து மூன்று மணி நேரம் ஓடியிருந்தது (0.6 யூனிட், கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம்). சம்ப்பில் கை வைத்தால் சுகமான சூடு. சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட்டர் சித்திரை மாத மத்தியானம் மாதிரி சுற்றுகிறது, சைலன்சரில் குபுகுபுவென்று வெள்ளைப் புகை வருகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை.

வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல். அதாவது இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, டீசலும் வருகிறது, பற்றிக்கொள்ளச் சூடுதான் போதவில்லை. இந்த இன்ஜினில் டீசல் முதலில் ஒரு சின்ன அறைக்குள் போய்ப் பற்றும். அந்த அறைச் சுவர் சில்லென்று இருந்தால் அமுக்கிய காற்றின் சூட்டை அதுவே குடித்துவிடும். அதற்குத்தான் குளோ பிளக், கிளப்புவதற்கு முன்னால் அந்த அறையைச் சூடாக்கும் சின்ன ஹீட்டர், சிலிண்டருக்கு ஒன்று. சேலத்துக்கு இறக்கிப்போய்க் காட்டினேன். மெக்கானிக் டெஸ்ட் லாம்பு வைத்துப் பார்த்தார், நாலில் இரண்டு செத்துக் கிடந்தன. நாலையும் மாற்றினோம். அடுத்த காலை பேடு போடாமலே, பதினைந்து விநாடி ஹீட் வைத்து ஒரே திருப்பில் பிடித்தது. அந்தச் செலவில் பேடே வந்திருக்காது.

அக்கா பையனிடம் சொன்னதும் சிரித்தான். "மாமா, 12 டிகிரிக்கு இங்க ஸ்வெட்டரே எடுக்க மாட்டோம். எங்க செஸ்னா விமானத்துல இருக்கற லைகாமிங் இன்ஜினுக்கே மைனஸ் 12க்குக் கீழ போனாத்தான் சூடு பண்ணச் சொல்லியிருக்காங்க." கான்டினென்டல் என்ற இன்னொரு கம்பெனி விமான இன்ஜினுக்கு அது மைனஸ் 7. அந்த இன்ஜின்களின் வெளிக்கூடு அலுமினியம், உள்ளே கிராங்க் ஷாப்ட் ஸ்டீல். குளிரில் அலுமினியம் அதிகமாகச் சுருங்கும், பேரிங்கைப் பிடிக்கும், கெட்டியான ஆயிலும் அந்த இடுக்குக்குள் போகாது, கிளப்பின முதல் நிமிஷத்திலேயே தேய்ந்துவிடும். சம்ப்பை மட்டும் சூடாக்கினாலும் போதாதாம், சிலிண்டரும் சூடாகணும். எங்கள் ஜீப்பின் பிளாக் வார்ப்பிரும்பு, அந்தப் பிரச்சினையே கிடையாது.

பேடு வீண் என்றும் சொல்ல மாட்டேன். போட்ட நாட்களில் ஆயில் பிரஷர் விளக்கு சீக்கிரம் அணைகிறது, வயசான பேட்டரிக்கும் இழுக்கிற பாரம் குறைகிறது. லடாக், மணாலி பக்கம் டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஏற்காடு, நாகலூர், மஞ்சக்குட்டைக்காரர்கள் முதலில் குளோ பிளக்கையும் பேட்டரியையும் பாருங்கள். அப்படியும் வாங்கினால் ஒயரைப் பைப்புக்குள் விட்டு மேலே கொண்டுபோங்கள், என் முதல் ஒயரைக் குரங்கு கடித்துக் குதறிவிட்டது. நல்லவேளை, அப்போது ஸ்விட்ச் ஆஃப்.