வெள்ளவத்தை பல்கனிக் கோடியல்: ஐந்து வருடத்துக்குப் பிறகு

2020 மே மாதம், கொழும்பில் ஊரடங்கு இன்னும் நீக்கப்படாத நேரம். லண்டனில் இருக்கும் மச்சாள், தான் எல்டர்பூவில் கோடியல் (தண்ணீர் கலந்து குடிக்கும் இனிப்புப் பாகு) செய்யும் விதத்தை வட்சப்பில் பேசி அனுப்பியிருந்தார். அங்கே மே கடைசியிலும் ஜூனிலும் வேலியோரங்களில் பூக்கும் வெள்ளைக் கொத்துப் பூ அது. இங்கே அதற்கு எங்கே போவது என்று கேட்டேன். "உங்கட வீட்டில இருக்கிற பூவைப் போடும்" என்றார். எங்கள் பல்கனியில் செவ்வரத்தை, துளசி, புதினா, கம்பியில் படர்ந்த நீலச் சங்குப்பூ எல்லாம் இருந்தன. அப்படித்தான் தொடங்கியது.

முதல் தடவையே பிழையாய்ப் போனது. மச்சாள் பூவைச் சூடான பாகில் போட்டு மூடி, ஒரு நாள் முழுக்க அடுக்களை மேசையிலேயே விடுவார். நானும் விட்டேன். மறுநாள் மத்தியானம் மேலே சின்னச் சின்னக் குமிழிகள். அம்மா மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "என்ன, கள்ளு இறக்கியிருக்கிறியே?" என்றார். லண்டனின் குளிருக்குச் சரிவருவது, முப்பது பாகை வெக்கையில் கிடக்கும் நம் அடுக்களைக்குச் சரிவராது. பூவோடும் காற்றோடும் வருகிற நொதியங்களுக்கு இந்தச் சூடு வலு சந்தோஷம். இப்போது பூவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே ஊறவிடுவதில்லை. அதற்கு மேல் ஊற வேண்டுமென்றால் பிரிட்ஜில்தான்.

இந்த ஐந்து வருடத்தில் நிலைத்து நின்றது செவ்வரத்தைக் கோடியல். ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூதான் நல்லது. பதினைந்து பூ போதும். அடியிலுள்ள பச்சைப் புல்லியையும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டையும் கிள்ளி எறிந்துவிட்டு இதழை மட்டும் எடுக்க வேண்டும். பச்சையோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் வெண்டிக்காய் மாதிரி வழுவழுப்பு வந்துவிடும். ஒருமுறை அப்படியே தலைக்கு வைத்து முழுகினேன். அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை நிறுத்திய பிறகே இதழைப் போடுவேன். இதழ் வெளிறி, தண்ணீர் ஒரு மங்கிய ஊதாவாக நிற்கும். பார்த்தால் குடிக்க மனம் வராது. வடித்துச் சீனியைக் கரைத்து, இறக்கி வைத்து, மூன்று தேசிக்காயைப் பிழிந்தால் அந்த ஊதா ஒரே நொடியில் இரத்தச் சிவப்பாகும். புளி பட்டதும் பூவின் நிறமி நிறம் மாறுகிறது, வேறொன்றுமில்லை. ஆனாலும் மகள் இன்றைக்கும் அதைப் பார்க்க அடுப்படிக்கு ஓடிவருவாள்.

சங்குப்பூவும் அதே வித்தைதான், நீலத்திலிருந்து ஊதாவுக்கு. ஆனால் ருசி என்று ஒன்றும் இல்லை, பச்சைப் பயற்றங்காய் அவித்த தண்ணீர் போல இருக்கும். விருந்தாளி வந்தால் நிறத்துக்காக இஞ்சிப் பாகில் நாலு பூ போடுவேன். துளசியை இரண்டு தடவையோடு விட்டேன். தடிமனுக்குக் குடிக்கும் கசாயத்தைச் சீனி போட்டு விருந்துக்குக் கொடுத்தது போல இருந்தது. புதினாவைக் கொதிக்கவிட்டால் வைக்கோல் மணம். ஆறிய பாகில் கசக்கிப் போட்டு ஒரு இரவு பிரிட்ஜில் வைத்தால் மட்டும் பரவாயில்லை. எலுமிச்சைப்புல் நேர்மாறு, பதினைந்து நிமிடம் நன்றாகக் கொதித்தால்தான் மணம் இறங்கும். சந்தையில் அதைச் சிங்களப் பெயரில் 'சேர' என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். இஞ்சியோடு அது சேர்ந்தால் எங்கள் வீட்டில் எந்தப் பூக் கோடியலையும் தோற்கடித்துவிடும். பூவைப் பற்றி எழுத வந்துவிட்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நன்னாரி பல்கனியில் வராது. புறக்கோட்டை கபோஸ் லேனில் வேராக வாங்குகிறேன். அங்கே சிங்களத்தில் அதன் பெயர் இரமுசு.

சீனியின் கணக்கைக் கற்றுத் தந்தது 2022. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. நான் அதுவரை தண்ணீரும் சீனியும் சரிக்குச் சரி போட்டு வந்தேன். பிரிட்ஜில் குளிர் இருந்தால் அது இரண்டு மூன்று வாரம் தாங்கும், குளிர் போனால் தாங்காது. ஒரு நாள் இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் போத்தல் ஒன்றைத் திறந்தேன். மூடி முகட்டில் அடித்தது, அரைவாசி என் சட்டையில். அதற்குப் பிறகு பயத்தில் ஒரு லீற்றருக்கு இரண்டு கிலோ சீனி போட்டேன். அது கெடவில்லை, ஆனால் பிரிட்ஜில் அடியில் கற்கண்டு கட்டியது. இப்போது ஒரு லீற்றருக்கு ஒன்றரைக் கிலோ. இறுக மூடி பிரிட்ஜில் வைத்தால் எங்கள் வீட்டில் ஒன்றரை மாதம் நிற்கிறது. செவ்வரத்தையின் சிவப்பு மட்டும் மூன்றாம் வாரத்தில் மங்கி மண்ணிறமாகத் தொடங்கும். அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை, ஆகவே சின்னப் போத்தலாகவே செய்கிறேன்.

போத்தலைச் சொல்ல மறந்துவிட்டேன். கண்ணாடிப் போத்தலைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, சூடு ஆறும் முன் பாகை ஊற்ற வேண்டும். குளிர்ந்த போத்தலில் கொதிக்கும் பாகை ஊற்றி, வெடித்து, எறும்போடு ஒரு வாரம் போராடியிருக்கிறேன்.

செலவு குறையும் என்று யாரும் இறங்க வேண்டாம். பூ சும்மா கிடைத்தாலும் சீனிக்கும் காஸுக்கும் கணக்குப் பார்த்தால் கடைப் போத்தலுக்குக் கிட்ட வந்துவிடும். உடம்புக்கு நல்லது என்றும் சொல்லமாட்டேன், இது சீனிப்பாகு. அப்பாவுக்குச் சீனி வருத்தம். அவருக்குச் சீனி சேர்க்க முதல் ஒரு தம்ளர் பூத்தண்ணீரை எடுத்து, தேசிக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கொடுப்பேன். மற்றவர்களுக்கு ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, மேலே ஊறிய கசகசா (இங்கே அது திருநீற்றுப்பச்சை விதை). இன்னொன்று, பெயர் தெரியாத பூவில் கை வைக்காதீர்கள். அலரி பார்க்க அழகு, ஆனால் நஞ்சு. பூக்கடைப் பூவும் வேண்டாம், என்ன மருந்து அடித்திருப்பார்களோ.

போன மாதம் செவ்வரத்தையில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. குடிக்கிற பூவாயிற்றே, மருந்தும் அடிக்க முடியாது. சவர்க்காரத் தண்ணீர் தெளித்துத் தெளித்து இப்போதுதான் இரண்டு மொட்டு விட்டிருக்கிறது. பதினைந்து பூ சேரும்வரை இஞ்சிப் போத்தல்தான்.